தெசாருவில் அலைச்சறுக்கு: முதல்முறை கூட்டாகப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூர்க் கரையில் அலைச்சறுக்குக்கு ஏற்ற அலை கிடையாது. மலாய்த் தீபகற்பமும் சுமத்ராவும் ரியாவ் தீவுகளும் சுற்றி நிற்பதால் பெரிய அலை ஈஸ்ட் கோஸ்ட் வரை வந்து சேர்வதில்லை. எல்லை தாண்டி ஜொகூரின் கிழக்குக் கரைக்குப் போனால், எதிரே தடுப்பே இல்லாத தென்சீனக் கடல். அங்கிருக்கும் தெசாருவுக்கு ஐந்தாறு பேராகப் போவது எப்படி என்று பார்ப்போம். எல்லோருக்கும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

1. நாள் குறிப்பது

வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரைதான் அங்கே அலை. டிசம்பர், ஜனவரியில் கடல் முரட்டுத்தனமாக இருக்கும். புதியவர்களுக்கு நான் சொல்வது பிப்ரவரி கடைசி அல்லது மார்ச். முன்னறிவிப்பில் அலை உயரம் 1 மீட்டருக்குள் இருக்கட்டும். இடிமின்னல் என்றால் அன்றைக்குப் பயணமே வேண்டாம்.

2. போய்ச் சேர்வது

தானா மேரா படகு முனையத்திலிருந்து தெசாருவுக்குப் படகு உண்டு. கிளம்பும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காரில் என்றால் செனாய்–தெசாரு நெடுஞ்சாலை. சிங்கப்பூர் வண்டிக்கு மலேசிய நுழைவு அனுமதியும், முக்கால் டேங்க் பெட்ரோலும் கட்டாயம். பலகையை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். எட்டடிக்குக் குறையாத, மேலே மெத்தென்று இருக்கும் ஃபோம் பலகையாகக் கேளுங்கள்.

3. இறங்குவதற்கு முன் கடலைப் பார்ப்பது

எல்லோரும் அவசரப்படும் இடம் இதுதான். பலகையைக் கீழே வைத்துவிட்டு, இருபது நிமிடம் கரையில் நின்று பாருங்கள். சிவப்புக் கொடி இருந்தால் இறங்கக் கூடாது. இல்லையென்றால், அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று கவனியுங்கள். இரண்டு பக்கமும் வெள்ளை நுரை பொங்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் சற்றே கருத்து, அமைதியாகத் தெரியும். பார்த்தால் இறங்க வசதியான இடம் மாதிரி இருக்கும். உண்மையில் கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வழி அது. அங்கே நுரையும் இலைதழையும் வெளிப்பக்கமாக நகர்வதைப் பார்க்கலாம். அந்த இழுப்பை ஆளுக்கு ஆள் விரலால் சுட்டிக் காட்டும்வரை யாரும் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம்.

தப்பித்தவறி மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். இழுப்பு ஆளை வெளியே கொண்டுபோகும், கீழே அமுக்காது. பலகையை விடாமல் பிடித்துக் கையைத் தூக்கிக் காட்டுங்கள். அப்புறம் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடம் வந்ததும் அதனோடு திரும்புங்கள்.

4. மணலில் பழகுவது

பின்னாலிருந்து நண்பர் மெல்லத் தள்ளட்டும். தானாக முன்னால் போகும் கால்தான் உங்கள் முன்கால். பலகையோடு இணைந்திருக்கும் கயிற்றை மற்றக் கால் கணுக்காலில் கட்டுங்கள். பலகையில் குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை விலாப்பக்கம் ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒரே மூச்சில் கால்களை உடம்புக்கு அடியில் கொண்டுவந்து எழுந்து நில்லுங்கள். கண் காலைப் பார்க்கக் கூடாது, முன்னே பார்க்க வேண்டும். யோசிக்காமல் வரும்வரை இதையே செய்யுங்கள்.

5. தண்ணீரில்

பாதிப்பேர் இறங்கட்டும், பாதிப்பேர் கரையில் நின்று பார்க்கட்டும். உள்ளே இருவர் இருவராக, மோதாத தூரத்தில். இடுப்பளவுக்கு மேல் போக வேண்டாம். அலைக்கும் உங்களுக்கும் நடுவே பலகையைக் குறுக்கே பிடிக்காதீர்கள், நேராக வயிற்றில் வந்து இடிக்கும்; பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்து வரும் வெள்ளை நுரை போதும். அது நெருங்கும்போது கரையைப் பார்த்துப் பலகையில் படுத்து, கைகளால் தண்ணீரைத் துழாவுங்கள். பலகை தானாக வழுக்கத் தொடங்கியதும் எழுங்கள். பலகையின் முன்நுனி முங்கினால் கொஞ்சம் பின்னால் நகர்ந்து படுக்க வேண்டும். நகரவே இல்லையென்றால் முன்னால். விழும்போது தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள், கயிறு இழுத்துப் பலகை உங்கள் மேலேயே திரும்பி வரும்.

கை சோர்ந்தவர் உடனே கரையேறி, காத்திருப்பவருக்கு இடம் விடட்டும். கடைசியில் பலகைகளை நல்ல தண்ணீரில் கழுவி, அடியிலுள்ள மீன்துடுப்பு போன்ற தகடு உடையாமல் இருக்கிறதா என்று கடைக்காரரை வைத்துக்கொண்டே பார்த்துக் கொடுத்துவிடுங்கள். முன்பணத்தைத் திரும்ப வாங்கும்போது பேச்சு வளராது.