கார் ரிமோட் சாவி கைவிட்டால்: அவசரத்தில் நாம் செய்யும் தவறுகள்

போன ஐப்பசியில் என் சித்தப்பா குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தார். தரிசனம் முடிந்து இரவு பத்து மணிக்கு வந்து பார்த்தால் கார் கதவு திறக்கவில்லை. ரிமோட்டை அழுத்தி அழுத்திக் கை வலித்ததுதான் மிச்சம். யாரோ கைகாட்டிய ஓர் ஆளை வரவழைத்தார்கள். அவர் கதவு ரப்பருக்குள் கம்பியை விட்டு நெம்பித் திறந்தார். ரப்பர் கிழிந்தது, கண்ணாடியை ஏற்றி இறக்கும் பாகமும் வளைந்தது. அந்தக் கதவைத் திறக்கும் இரும்புச் சாவி அவ்வளவு நேரமும் சித்தப்பாவின் கையிலேயே, அந்த ரிமோட்டுக்கு உள்ளேயே இருந்தது. கார் வாங்கிய நாளிலிருந்து யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை. அந்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, ரிமோட் சாவியை ஒரே பொருள் என்று நினைப்பது. அந்தச் சிறிய கூட்டுக்குள் மூன்று சாவிகள் இருக்கின்றன. ஒன்று, பட்டனை அழுத்தினால் கதவுக்குச் செய்தி அனுப்பும் சிறு வானொலிக் கருவி. நம் நாட்டுக் கார்களில் இது பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும். இதற்குத்தான் செல், அதாவது சிறிய வட்ட பேட்டரி, தேவை. இரண்டாவது, இம்மொபிலைசர் சிப். எஞ்சினைக் கிளப்ப அனுமதி கொடுப்பது இதுதான். இதற்குச் செல்லே வேண்டாம். காருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அருகில் வந்ததும் அதிலிருந்தே மின்சாரத்தை வாங்கிக்கொண்டு பதில் சொல்லிவிடும். மூன்றாவது, சாதாரண இரும்புச் சாவி. செல் தீர்ந்தால் முதலாவது மட்டும்தான் சாகிறது. மற்ற இரண்டும் உயிரோடு இருக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி பதற்றம் அங்கேயே போய்விடும்.

பட்டன் ஸ்டார்ட் கார்களின் சாவியில் பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ ஒரு சிறிய தாழ் இருக்கும். அதைத் தள்ளிக்கொண்டே இழுத்தால் இரும்புச் சாவி வெளியே வரும். கதவில் சாவித் துவாரமே இல்லையே என்று பலர் திகைக்கிறார்கள். ஓட்டுநர் பக்கக் கைப்பிடியின் ஓரத்தில் பாருங்கள். சில கார்களில் அதை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். இப்படித் திறக்கும்போது அலாரம் அலறக்கூடும். அதைக் கேட்டு மிரண்டு கதவை மறுபடி பூட்டிவிட்டு ஒதுங்கி நிற்பவர்கள் உண்டு. வேண்டாம். உள்ளே உட்கார்ந்து வண்டியைக் கிளப்புங்கள். சாவியின் சிப்பை அடையாளம் கண்டதும் அலாரம் அடங்கிவிடும்.

கிளப்புவதிலும் ஒரு குழப்பம் வருகிறது. சாவியைக் காணவில்லை என்று டேஷ்போர்டில் எச்சரிக்கை வந்தவுடன் வண்டியை இழுத்துப்போக ஆள் தேடுகிறோம். செல் தீர்ந்த சாவியைக் காரின் உணர்விக்கு (சென்சாருக்கு) மிக அருகே கொண்டுபோனால் போதும். டொயோட்டா கார்களில் சாவியின் சின்னம் இருக்கும் பக்கத்தை ஸ்டார்ட் பட்டனில் தொட்டுவிட்டு, பிறகு பட்டனை அழுத்த வேண்டும். ஹூண்டாய் கார்களில் சாவியாலேயே பட்டனை அழுத்தலாம். வேறு சிலவற்றில் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டியில் சாவியை வைப்பதற்கென்றே ஓர் இடம் இருக்கும். உங்கள் காரில் எது என்பதை அதனுடன் வந்த கையேட்டில் ஒரு பக்கத்தில் எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தை இன்றே போனில் படம் பிடித்து வையுங்கள். கையேடு காருக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும்போது அது யாருக்கும் உதவாது.

அடுத்தது, குற்றத்தைச் சாவியின் மேலேயே போடுவது. ஒரு வாரம் நிறுத்தி வைத்த காரில் காரின் பேட்டரியே இறங்கியிருந்தால் எந்த ரிமோட்டும் கதவைத் திறக்காது. இரும்புச் சாவியால் திறந்து உள்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டாலோ மங்கலாக எரிந்தாலோ ரிமோட்டுக்குப் புதுச் செல் வாங்கிப் பயனில்லை. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அவற்றிலும் கதவுப் பூட்டுகள் 12 வோல்ட் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. இரண்டாவது சாவி வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல சோதனை இல்லை. அது வேலை செய்தால் குறை முதல் சாவியில். அதுவும் செய்யாவிட்டால் பெரும்பாலும் காரில்.

இடமும் ஏமாற்றும். அதே அலைவரிசையில் வேறு கருவிகள் பேசிக்கொண்டிருக்கும் இடங்களில் ரிமோட்டின் குரல் அமுங்கிவிடும். காருக்கு ஒட்டினாற்போல் நின்று ஒருமுறை அழுத்துங்கள். ஒரே பையில் சாவியையும் செல்போனையும் சேர்த்து வைப்பதும், வயர்லெஸ் சார்ஜர் பக்கத்தில் சாவியைப் போடுவதும் இதே தொல்லையைத் தரும். வேறொரு கதவு சரியாக மூடாமல் இருந்தாலோ, இன்னொரு சாவி காருக்குள் கிடந்தாலோ ஸ்மார்ட் கீ எனப்படும் பட்டன் ஸ்டார்ட் சாவி பூட்ட மறுக்கும். அது பழுதே அல்ல.

டிவி ரிமோட்டைச் சோதிப்பதுபோல் கார் சாவியையும் போன் கேமராவின் முன் பிடித்து, வெளிச்சம் வரவில்லை, செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிவி ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வது. நாம் சாலையில் பார்க்கும் கார்களின் சாவிகளோ ஏறக்குறைய எல்லாமே வானொலி அலையில் வேலை செய்பவை. கேமராவில் ஒன்றும் தெரியாது.

குழந்தை அழுகிறதென்று சாவியை விளையாடக் கொடுப்பது இன்னொன்று. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ரிமோட் ஒரு புது எண்ணை அனுப்புகிறது. பழைய எண்ணைத் திருடி யாரும் கதவைத் திறந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. கார் இல்லாத இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் ரிமோட்டின் கணக்கு முன்னே ஓடிவிடும், காரின் கணக்கு பின்தங்கிவிடும். பரவலாகப் பயன்படும் கீலாக் என்ற முறையில் 16 அழுத்தம் வரை கார் பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால், காரின் அருகில் நின்று அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தும்போது கணக்கு மறுபடி ஒத்துப்போகும். சில கார்களில் சாவியை இக்னிஷனில் போட்டுத் திருப்ப வேண்டியிருக்கும்.

இனி செல். ‘வாட்ச் செல் ஒன்று’ என்று கேட்டு வாங்கி வராதீர்கள். பழைய செல்லின் முதுகில் உள்ள எண்ணைப் படியுங்கள். சி.ஆர். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். சி.ஆர். 2025 அதே விட்டம், ஆனால் 2.5 மில்லிமீட்டர்தான். அதை 2032 இருக்க வேண்டிய இடத்தில் காகிதம் மடித்து வைத்து ஓட்டுகிறார்கள். ஒருமுறை கீழே விழுந்ததும் தொடர்பு விட்டுவிடும். எல்.ஐ.ஆர். என்று தொடங்கும் எண் இருந்தால் அது சார்ஜ் செய்யும் வகை. முழுச் சார்ஜில் அது 4.2 வோல்ட் கொடுக்கும், உங்கள் சாவியோ 3 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. குழந்தைகள் வாயில் போடாமலிருக்கச் சில நிறுவனங்கள் செல்லின் மேல் கசப்புப் பூச்சு தருகின்றன. நல்ல நோக்கம்தான். ஆனால் சில கருவிகளில் அந்தப் பூச்சே மின்தொடர்பைத் தடுக்கும். புதுச் செல்லும் வேலை செய்யவில்லை என்றால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

மீட்டரில் 3 வோல்ட் காட்டுகிறதே என்று பழைய செல்லையே நம்புவதும் தவறு. லித்தியம் செல் சாகும் தறுவாயிலும் சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட்டைக் காட்டும். பட்டனை அழுத்திய கணத்தில் சரிந்துவிடும். கூட்டைத் திறக்கப் பெரிய ஸ்குரூடிரைவரைத் திணிக்காதீர்கள். விளிம்பில் அதற்கென விட்டிருக்கும் பள்ளத்தில், நுனியில் துணி சுற்றிய சிறிய தட்டை முனையை வைத்து லேசாகத் திருப்பினாலே போதும்.

செல் மாற்றினால் சாவியை மறுபடி புரோகிராம் செய்ய வேண்டும் என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான சாவிகளுக்கு அது தேவையே இல்லை. அடையாள எண் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது.

கழற்றிய பழைய செல்லை மேசையில் விட்டுவிடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ரிமோட்டுக்குப் போதாத அந்தச் செல்லில் ஒரு குழந்தையின் உணவுக்குழாயைப் பொசுக்கப் போதிய மின்சாரம் மிச்சம் இருக்கும். 20 மில்லிமீட்டர் வட்டு தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் உண்டாகலாம். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருந்து பார்க்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். தீர்ந்த செல்லின் இருபக்கமும் டேப் ஒட்டி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

சட்டைப் பையோடு துவைத்த சாவியை அரிசியில் புதைப்பதால் பயனில்லை. பட்டனை அழுத்திப் பார்க்காமல் செல்லைக் கழற்றுங்கள், உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள், நிழலில் ஓரிரு நாள் உலர விடுங்கள்.

இரண்டாவது சாவி தொலைந்தால் ‘இன்னொன்று இருக்கிறதே’ என்று நாளைக் கடத்தாதீர்கள். வேலை செய்யும் சாவி ஒன்று கையில் இருக்கும்போது நகல் செய்வது எளிது; கடைசிச் சாவியும் போனபின் செலவும் அலைச்சலும் பல மடங்கு. கார் திருட்டுப் போனால் காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக இரண்டு சாவிகளையும் கேட்கும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஸ்மார்ட் கீயை வாங்குவதற்குமுன் விசாரியுங்கள். பல வகைச் சாவிகள் முதலில் பதிவான காரோடு பூட்டப்பட்டவை, வேறு காரை ஏற்காது.

சித்தப்பாவின் காரில் அந்த மறைந்திருந்த சாவித் துவாரத்தைப் பிறகு நான் திறந்து பார்த்தேன். வருடக்கணக்கில் யாரும் தொடாததால் தூசி இறுகி, சாவி பாதிதான் நுழைந்தது. தேங்காய் எண்ணெய் விடலாமா என்றார். எண்ணெய் இன்னும் தூசியைத்தான் பிடிக்கும். கிராஃபைட் தூளைக் கொஞ்சம் ஊதிவிட்டு, சாவியை நுழைத்து எடுத்து நுழைத்து எடுத்து, கால்மணி நேரத்தில் பூட்டு திரும்பியது. இப்போது மாதம் ஒருமுறை அந்தச் சாவியாலேயே கதவைத் திறக்கிறார்.