ஸ்டெம் செல் ஊசிக்கு முன் கேட்ட எண்

பக்கவாதத்துக்குப் பிறகு என் வலது கை விரல்கள் மடங்கியே கிடந்தன. மும்பையில் ஒரு கிளினிக், ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச்செல், ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று லட்சங்களில் கேட்டது. ஆசையாகத்தான் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலைப் படித்தேன்: ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு ரத்த ஸ்டெம் செல்லை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை தவிர மற்றதெல்லாம் ஆய்வுதான், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது, மருத்துவ ஆய்வுகளைப் பதியும் அரசுப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவும் வேண்டும். பதிவு எண் கேட்டேன். பேச்சை மாற்றினார்கள். சரி என்று எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் பிசியோதெரபிதான். வீட்டில் துணி கிளிப்புதான் கருவி. செம்பூர் பால்கனிக் கொடியில் இரண்டு விரலால் அழுத்தி மாட்டுவேன். ஆரம்பத்தில் கிளிப் எகிறிக் கீழ்வீட்டில் விழும், அந்த மராட்டிக்கார அம்மா சிரித்தபடி கொண்டுவந்து தருவார். ஸ்டெம் செல் செய்திகளை இன்னும் விடாமல் படிக்கிறேன். சட்டைப் பித்தான்களை நானே போடுகிறேன். கழுத்துப் பித்தான் மட்டும் மனைவி பொறுப்பு.