ஜிம்னியில் சேற்றுக்குப் போய் வருவது எப்படி? தொடக்கக்காரர்களுக்கு

சிங்கப்பூரில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கும் பலர் அதைத் தார்ச்சாலையிலேயே ஓட்டிவிட்டு, பத்து வருட சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிந்ததும் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். இங்கே மண்பாதையில் ஓட்ட இடமில்லைதான். ஆனால் பக்கத்து மலேசியாவின் ஜொகூருக்குள் போய்விட்டால் செம்பனைத் தோட்டங்களும் செம்மண் பாதைகளும் இருக்கின்றன. என்னிடம் இருப்பது 2018இல் அறிமுகமான சுசுகி ஜிம்னி மாடல். அதை வைத்தே சொல்கிறேன்.

படி 1: கிளம்பும் முன்

பெட்ரோல் வண்டி என்றால் சிங்கப்பூர் சோதனைச்சாவடியில் டாங்க் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தால் 500 வெள்ளி வரை அபராதம் வரும். மலேசியாவின் விஇபி (வெளிநாட்டு வண்டி நுழைவு) அனுமதியும் வேண்டும். அங்கே பெட்ரோல் போட்டால் ரான் 97 ரகம்தான், 95 நம் வண்டிக்கு விற்க மாட்டார்கள். தோட்டங்கள் பிறர் நிலம். பாதை தெரிந்தவர்களோடு, அனுமதி வாங்கிப் போங்கள். ஒற்றை வண்டியாகப் போகவே வேண்டாம். இழுவைப் பட்டை, அதை மாட்டும் ஷேக்கிள் வளையம், மண்வெட்டி, டயர் காற்று மானி, சின்ன கம்ப்ரஸர் இருந்தால் முதல் பயணத்துக்குப் போதும்.

படி 2: டயர் காற்றை இறக்குங்கள்

கதவோர ஸ்டிக்கரில் இருக்கும் அளவு சாலைக்கானது. மண்பாதை தொடங்கும் இடத்தில் நான் 18 பிஎஸ்ஐக்கு இறக்குவேன். டயர் கொஞ்சம் தட்டையாகி, தரையைப் பிடிக்கும் பரப்பு கூடும். தார்ச்சாலை ஏறும் முன் மறக்காமல் திரும்ப ஏற்றுங்கள். காற்றுக் குறைந்த டயரில் விரைவுச்சாலையில் ஓடினால் டயர் சூடாகி வெடிக்கக்கூடும்.

படி 3: எந்த கியர்?

ஈர மண்ணுக்கு 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும், சாதாரண வேகம்). செங்குத்தான ஏற்ற இறக்கத்துக்கும் ஆழமான சேற்றுக்கும் 4எல் (நான்கு சக்கரமும் இழுக்கும், வேகம் குறைவு, இழுவை அதிகம்). 4எல் போட வண்டியை முழுதாக நிறுத்தி, கியரை நியூட்ரலில் வையுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் 2எச்சை (பின்சக்கரங்கள் மட்டும் இழுப்பது) விட்டு மாறாதீர்கள். திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. ஜிம்னியில் நடு டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதி) கிடையாது, அதனால் அந்த வித்தியாசம் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி), அச்சுகள், டயர்களின் மேல் விழும்.

படி 4: மறுநாள் கழுவுங்கள்

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். ஒருமுறை இரவு நேரங்கழித்துத் திரும்பி, அசதியில் அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து வேலைக்கு எடுத்தபோது பின்பக்கம் 'கர்ர்ர்' என்று அரைக்கும் சத்தம். ஜிம்னியின் பின்சக்கரங்களில் டிரம் பிரேக். உள்ளே புகுந்த செம்மண் காய்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகியிருந்தது. பட்டறையில் டிரம்மைக் கழற்றியபோது உள்சுவரில் வட்ட வட்டமாகக் கீறல்கள். ஈரமாக இருக்கும்போதே கழுவியிருந்தால் தண்ணீரோடு போயிருக்கும்.

வெளி பெயிண்ட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் அடிப்பக்கம். ஜெட் வாஷ் இருக்கும் பெட்ரோல் நிலையத்துக்குப் போய், சக்கரக் குழிகள், சேஸிஸ் சட்டத்தின் துளைகள், ஸ்பிரிங் உட்காரும் கிண்ணங்கள் என்று ஒவ்வொன்றாக அடியுங்கள். தண்ணீர் தெளிவாக வழியும்வரை நிறுத்த வேண்டாம். ரேடியேட்டருக்கு மட்டும் மெல்லிய நீர்தான், ஜெட்டைக் கிட்டே வைத்தால் அதன் தகடுகள் மடங்கிவிடும். இந்த ஊரின் ஈரக் காற்றில் சட்டத்துக்குள் தங்கும் சேறு காயவே காயாது. துரு அங்கேதான் தொடங்கும்.

படி 5: ஆயிலைப் பாருங்கள்

ஓடையைக் கடந்திருந்தால் முன், பின் அச்சுகளில் இருக்கும் டிஃபரன்ஷியல்களின் ஆயிலைப் பார்த்தே ஆக வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் இதைச் செய்யாதீர்கள். இங்கே நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கின் மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது, சிந்தும் ஆயிலும் அதோடு போய்விடும். பட்டறைக்குப் போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் மேலே உள்ள ஃபில் பிளக்கை (ஆயில் ஊற்றும் துளையின் மூடி) திறக்கச் சொல்லுங்கள். ஆயிலைக் கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் போனால் வண்டி அங்கேயே நிற்கும். துளைக்குள் விரலை விட்டால் நுனியில் ஆயில் ஒட்டும். தேன் நிறமோ கறுப்போ என்றால் சரி. பால் விட்ட தேத்தண்ணி நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அன்றைக்கே மாற்றிவிடுங்கள், அப்படியே ஆக்ஸிலின் (அச்சு) உள்ளே காற்று போய்வரும் பிரீதர் குழாய் கழன்றிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.