வெளிநாட்டு உச்சரிப்பு: எங்கே தவறுகிறோம்?

ஆங்கிலம் பேசும் நாட்டுக்குக் குடிபோனவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். போன கையோடு பலர் செய்வது, நாக்கைச் சுருட்டி அந்த ஊர் ‘ர’வை வரவழைக்கப் பாடுபடுவது. ஆனால் நாம் பேசுவது பிறருக்குப் புரியாமல் போவதற்கு அதைவிடப் பெரிய காரணம் சொல்லின் அழுத்தம். ‘போட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசை ஓங்கும். ‘போட்டோகிராஃபர்’ என்றால் இரண்டாவது அசை, ‘போட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாவது. அழுத்தம் விழாத அசை தேய்ந்தும் போகும். ‘போட்டோகிராஃபர்’ அவர்கள் வாயில் ‘ஃபடாகிரஃபர்’ போலத்தான் ஒலிக்கும். தமிழில் இப்படி அழுத்தம் இடம் மாறுவதில்லை. அந்தப் பழக்கத்திலேயே ஆங்கிலமும் பேசினால், ஒவ்வொரு எழுத்தையும் சரியாகச் சொன்னாலும் கேட்பவர் முழிப்பார்.

அடுத்தது, தமிழ் எழுத்தை நம்பி உச்சரிப்பது. குத்தும் பின், குப்பை போடும் பின் இரண்டையும் நாம் ஒரே மாதிரி எழுதுகிறோம். குத்தும் பின்னின் ‘ப்’ ஆங்கிலத்தில் காற்றோடு வெளிவரும். வாய்க்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள், தாள் அசைய வேண்டும். அசையாவிட்டால் அவர்கள் காதில் அது குப்பைத் தொட்டிதான்.

சினிமாவையும் தொடர்களையும் பார்த்துப் பழகுவதும் வேண்டாம். அமெரிக்க ‘ர’வும் லண்டன் உயிரொலியும் கலந்து, எந்த ஊருக்கும் சேராத பேச்சாகிவிடும். கூட வேலை செய்பவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று தினமும் காதில் விழும் குரல்தான் நல்ல பாடம். அதற்காக அவர்கள் எதிரிலேயே அப்படியே பேசிக் காட்டாதீர்கள், கேலி செய்வதாக நினைத்து வருத்தப்படுவார்கள். பழகப் பழகப் பேச்சு தானாகவே எதிரில் பேசுபவரின் பக்கம் சாயும். சமூக உளவியல் ஆய்வாளர் ஹோவர்ட் கைல்ஸ் 1970களிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

பேச்சில் தாய்மொழிச் சாயல் முழுக்கப் போனால்தான் வெற்றி என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. மொழி ஆய்வாளர்கள் மர்ரே மன்ரோவும் டிரேசி டெர்விங்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், அயல் சாயல் பலமாக இருந்த பேச்சும் பல நேரங்களில் முழுசாகப் புரிந்தது. சாயல் வேறு, புரிவது வேறு. புரிய வைப்பதற்கு உழையுங்கள், போதும்.

அப்புறம், யாராவது ‘என்ன?’ என்று கேட்டால் அதையே இன்னும் சத்தமாகச் சொல்லாதீர்கள். கொஞ்சம் நிதானமாக, அழுத்தத்தை வேறு அசைக்கு மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.