கைப்பேசித் திரையில் பேனல் ஒயரிங் படம்: தேடாமல் தாவிப் போக வழி

மின் பேனலின் ஒயரிங் படம் ஏ3 தாளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். படுக்கவாட்டில் அந்தத் தாளின் அகலம் 420 மி.மீ. நிமிர்த்திப் பிடித்த கைப்பேசியின் திரை அகலம் சுமார் 68 மி.மீ. தாளில் 2.5 மி.மீ. உயரமுள்ள எழுத்து திரையில் 0.4 மி.மீ. ஆகிவிடும். பெரிதாக்கினால் எழுத்து தெரியும். ஒயரின் மறுமுனை திரையைவிட்டுப் போய்விடும். விரலால் இழுத்துக்கொண்டே போகையில் பக்கத்துக் கோட்டுக்குக் கண் மாறினால், தப்பான டெர்மினலில் (ஒயரைப் பொருத்தும் முனையில்) டெஸ்டர் வைக்க நேரிடும். அதனால் படத்தைத் துண்டாக்கி, துண்டுகளுக்கிடையே தொட்டால் தாவும் இணைப்புக் கொடுக்க வேண்டும். மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பிலும் பிறகு டெல்டா இணைப்பிலும் ஓட்டும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் பேனல் ஒன்றை வைத்துப் பார்ப்போம். தேவையானவை இன்க்ஸ்கேப் (கோட்டுப்படம் வரையும் மென்பொருள்), ஒரு டெக்ஸ்ட் எடிட்டர், பிரவுசர்.

முதலில் மூலக் கோப்பைச் சோதியுங்கள். பிடிஎஃப்பை 800 சதவீதம் பெரிதாக்கியும் கோடு கூர்மையாக இருந்து, எழுத்தைத் தேர்ந்தெடுக்கவும் முடிந்தால், நேரே இறக்குமதி செய்யலாம். மங்கினால் அது ஸ்கேன். அதன்மேல் புதிதாக வரைவதே நல்லது. எழுத்துணரி மென்பொருள் 8-ஐ ‘பி’ என்றும் 0-வை ‘ஓ’ என்றும் படித்துவிடும்; பாகப் பெயரில் ஒரு எழுத்துப் பிசகினாலும் தேடல் பயன்படாது. இறக்குமதி செய்த படத்தில் ஒரு பெயர் தனித்தனி எழுத்தாகச் சிதறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிதறியிருந்தால் அதை ஒரே சொல்லாகத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும்.

அடுத்து, வேலையை வைத்து வெட்டுங்கள்: பவர் சர்க்கியூட் ஒரு தாள், கண்ட்ரோல் சர்க்கியூட் ஒரு தாள், டெர்மினல் வரிசை ஒரு தாள். நிமிர்த்திய திரையில் ஒரு தாளுக்கு நாலைந்து பத்திகளுக்கு (செங்குத்தாகப் பிரித்த பகுதிகளுக்கு) மேல் வேண்டாம். கண்ட்ரோல் பகுதி நீண்டால் இரண்டாக்கலாம், ஆனால் ஒரு காயிலின் (மின்காந்த ஸ்விட்ச்சை இழுக்கும் சுருளின்) பாதையை நடுவில் வெட்டக் கூடாது. பாகப் பெயர்களின் எண்ணை இரண்டு இலக்கத்தில் வையுங்கள். ‘கே1’ என்று தேடினால் கே10, கே11 எல்லாம் வந்து நிற்கும். ‘கே01’ என்றால் அதுமட்டும் வரும்.

உண்மையான பலன் இணைப்புகளில்தான். டெல்டா காண்டாக்டர் (டெல்டா இணைப்புக்கான மின்காந்த ஸ்விட்ச்) இழுக்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் அதன் காயில் முனை ஏ1-இலிருந்து பின்னோக்கிப் போவார்: ஸ்டார் காண்டாக்டரின் 21-22 முனைகள், டைமர், ஓவர்லோடு ரிலேயின் (சுமை மீறினால் துண்டிக்கும் பாகத்தின்) 95-96 முனைகள். இவற்றில் ஒவ்வொன்றும் அதனதன் காயிலுக்கோ தாய்ப் பாகத்துக்கோ இணைய வேண்டும். காயிலின் கீழே அதன் காண்டாக்டுகள் (திறந்து மூடும் தொடுமுனைகள்) எந்தத் தாளில், எந்தப் பத்தியில் உள்ளன என்று ஒரு சின்னப் பட்டியல் வைத்து, அந்த வரிகளுக்கும் இணைப்புக் கொடுங்கள். போகும் வழி மட்டும் போதாது. திரும்பும் வழியும் வேண்டும்.

இன்க்ஸ்கேப்பில் பாகத்தைத் தேர்ந்து, ஆப்ஜெக்ட் பிராப்பர்ட்டீஸில் (கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ) அடையாளப் பெயர் இட்டு, ‘செட்’ அழுத்துங்கள். இணைப்பு தரும் எழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து இணைப்பை உருவாக்கி, முகவரியில் ‘#’ குறியோடு அந்தப் பெயரை எழுதுங்கள். எழுத்து சின்னதாக இருப்பதால், திரையில் 9 மி.மீ. அளவு வரும்படி ஒளி ஊடுருவும் கட்டம் ஒன்றையும் அதே இணைப்புக்குள் வையுங்கள். இல்லையென்றால் விரல் படாது.

தாள்களை எஸ்விஜியாக (கோட்டுப்படக் கோப்பாக) சேமித்து, எல்லாவற்றையும் பிரவுசர் திறக்கும் ஒரே ஹெச்டிஎம்எல் கோப்புக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுங்கள். தனித்தனிக் கோப்பாக வைத்தால், ஆண்ட்ராய்டில் ஃபைல் மேனேஜர் வழியாகத் திறக்கும்போது கோப்புக்குக் கோப்பு இணைப்பு பெரும்பாலும் வேலை செய்யாது. எஸ்விஜியைச் சாதாரணப் படமாக (இமேஜ் டேக்கில்) செருகினால் இணைப்பும் தேடலும் இரண்டுமே போய்விடும். ஒட்டும்போது ஒரு சிக்கல் வரும்: இன்க்ஸ்கேப் தானாக இடும் பெயர்கள் இரண்டு தாளில் ஒன்றாக இருந்தால், அம்புக்குறியும் வெட்டுப்பகுதியும் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் ‘கிளிப்’) குழம்பிவிடும். பெயர்களின் முன்னால் தாள் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். பாகத்தைக் காப்பி செய்தால் நகலுக்குப் புதுப் பெயர் வரும், பழைய இணைப்போ மூலத்துக்கே போகும், இதையும் கவனியுங்கள். தாவி வந்த பாகம் பளிச்சென்று தெரிய, சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் பகுதியில்) ‘டார்கெட்’ விதி எழுதி அதற்குத் தடித்த கோடு கொடுங்கள். 

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வெள்ளைத் திரையில் மஞ்சள் கோடு கண்ணுக்கே தெரியாது. சிவப்பு-பச்சை வேறுபாடு எல்லோருக்கும் புலப்படாது. கோட்டின் இரு முனையிலும் ஒயர் எண்ணும் நிறக் குறியும் எழுத்தில் இருக்கட்டும். மஞ்சளுக்குக் கறுப்பு விளிம்பு கொடுங்கள். கறுப்புப் பின்னணிக்கு மாற்றினால் கறுப்பு ஒயர்கள் மறைந்துவிடும், வேண்டாம்.

படத்தை லேயர்களாக (ஒன்றன்மேல் ஒன்றான அடுக்குகளாக) பிரித்தால், வேண்டாததை முழுக்க மறைக்காமல் 20 சதவீதத்துக்கு மங்கலாக்குங்கள். வெளியிலிருந்து வேறு சப்ளை வரும் டெர்மினல்களை மட்டும் எப்போதும் முழு நிறத்தில் வையுங்கள். மெயின் ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் அவற்றில் மின்சாரம் இருக்கலாம். அதை மறைக்கும் படம் ஆளைக் கொல்லும்.

எழுத்தை ‘பாத்’ (வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்றிவிடாதீர்கள், தேடல் நின்றுபோகும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் திருத்த எண்ணும் தேதியும் போட்டு, பேனல் கதவில் உள்ள அச்சுப் படத்தின் எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு கோப்பைக் கைப்பேசியிலேயே சேமித்து, நெட்டை அணைத்துவிட்டு, படத்தை வரையாத ஒருவரிடம் கொடுத்து, டெல்டா காயிலிலிருந்து ஓவர்லோடு ரிலே வரை போகச் சொல்லுங்கள். அவர் இரண்டு விரலால் பெரிதாக்கும் இடமெல்லாம் இன்னும் ஓர் இணைப்போ பெரிய எழுத்தோ வேண்டிய இடம்.