சொந்தமாக செஸ்னா விமானம் வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஹூஸ்டனைச் சுற்றியிருக்கும் சின்ன ஏர்போர்ட்டுகளில் சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பேச்சு காதில் விழுவது இப்போது அதிசயமில்லை. பைலட் லைசென்ஸ் வாங்கிய சூட்டோடு சொந்த விமான ஆசையும் வந்துவிடுகிறது. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் எங்கள் செட்டு ஆட்கள் விழுந்த அதே குழியில் புதிதாக வருகிறவர்களும் வரிசையாக விழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வானிலை பார், செக்லிஸ்ட்டை விடாதே என்பதையெல்லாம் உங்கள் இன்ஸ்ட்ரக்டரே சொல்லியிருப்பார். அவற்றை நான் தொடவில்லை.

குறைவாக ஓடிய இன்ஜினைத் தேடுவது

"அண்ணா, இதைப் பாருங்க. 1974 மாடல் செஸ்னா 172. ஓவர்ஹாலுக்கு அப்புறம் 310 மணி நேரம்தான் ஓடியிருக்கு!" என்று போனை நீட்டுவார்கள். ஓவர்ஹால், அதாவது இன்ஜினை முழுசாகப் பிரித்துப் புதுப்பிப்பது, எந்த வருஷம் நடந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கைப் புரட்டினால் 2003 என்று இருக்கும்.

இது கார் வாங்கும் புத்தி. குறைவாக ஓடியது நல்லது என்ற கணக்கு இங்கே தலைகீழ். 1968க்குப் பிறகு வந்த 172களில் பெரும்பாலும் இருப்பது லைகமிங் இன்ஜின். அதில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் 'கேம்' என்ற முட்டுகள் உள்ள தண்டு), கிராங்க்ஷாஃப்டுக்கு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) மேலே உட்கார்ந்திருக்கிறது. இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் கீழே வடிந்துவிடும். மேலே ஒரு படலம்தான் மிச்சம், நாளாக ஆக அதுவும் போய்விடும். அப்புறம் ஹூஸ்டன் பக்கத்து வளைகுடாக் காற்றின் ஈரம் தன் வேலையைக் காட்டும். கேமின் மேல் ஊசிமுனை அளவு துருப்புள்ளி போதும். அடுத்த முறை இன்ஜின் ஓடும்போது அந்தப் புள்ளி, கேம் தள்ளிவிடும் டாப்பெட் என்ற துண்டின் முகத்தை அரம் போல அராவத் தொடங்கும். கடினமான மேல்தோல் போய்விட்டால் தேய்மானம் மளமளவென்று நடக்கும்.

இன்னொரு வசனம்: "பறக்க நேரமில்லை, ஆனால் மாசம் ஒருமுறை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன்." விற்பவர் இதைப் பெருமையாகச் சொல்வார், வாங்குபவரும் தலையாட்டுவார். பெட்ரோல் எரிந்தால் நீராவி உண்டாகும், அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடேறி ஒரு மணி நேரம் போல நிலைத்தால்தான் அந்த ஈரம் வெளியேறும். தரையில் பத்து நிமிஷம் உறுமுவதால் தண்ணீர் சேருமே தவிரக் குறையாது. தரையில் ஓட்டுவது பறப்பதற்கு ஈடாகாது என்று லைகமிங் கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. ஓவர்ஹாலுக்கு அவர்கள் வைத்திருக்கும் வரம்பு 2000 மணி நேரம் அல்லது 12 வருஷம், எது முதலில் வருகிறதோ அது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவரை இது சட்டப்படி கட்டுப்படுத்தாது, சரி. அதற்காக 12 என்ற எண்ணைக் கண்ணில் படாதது போலத் தாண்டிப் போவதா?

நண்பர் ஒருவர் அப்படித்தான் தாண்டிப் போனார். வாங்கும் முன் சோதனையில் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் நன்றாக இருந்தது. இருக்கத்தான் செய்யும், கம்ப்ரஷன் டெஸ்ட் பிஸ்டன் ரிங்கையும் வால்வையும் பற்றிச் சொல்லும், கேமைப் பற்றி ஒன்றும் சொல்லாது. முதல் ஆயில் மாற்றத்தின்போது மெக்கானிக் ஃபில்டரை அறுத்து, உள்ளே இருந்த மடிப்புத்தாளைப் பிழிந்து, வெயிலில் விரித்தார். மடிப்புக்கு மடிப்பு மினுமினுப்பு. காந்தத்தை அருகே கொண்டுபோனதும் பொடி எழுந்து ஒட்டிக்கொண்டது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, இது எஃகு. ஒரு சிலிண்டரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால், கேமின் ஒரு முனை மொழுக்கென்று வழிந்திருந்தது. அவருடைய இன்ஜின் வகையில் டாப்பெட்டின் அடி காளான் வடிவம், வெளியிலிருந்து உருவ முடியாது. இன்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டும், அதாவது முழு ஓவர்ஹால். 30,000 டாலருக்கு மேல் போனது. விமானம் தரையில் கிடந்த மாதங்களுக்கும் இன்சூரன்ஸும் நிறுத்துமிட வாடகையும் கட்டியாக வேண்டும்.

லாக்புக்கில் ஒவ்வொரு வருடாந்தரச் சோதனைக்குப் பக்கத்திலும் டேக்கோமீட்டர் எண், அதாவது இன்ஜின் ஓடிய மணிக்கணக்கு, எழுதியிருக்கும். இந்த வருஷ எண்ணிலிருந்து போன வருஷ எண்ணைக் கழியுங்கள். 2140, 2143, 2145 என்று போனால் அந்த விமானம் பறக்கவில்லை, நின்றிருக்கிறது. ஃபில்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சந்தேகம் மிஞ்சினால் சிலிண்டரைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்பவர் மறுப்பதில் நியாயம் உண்டு, அது சின்ன வேலை இல்லை. மறுத்தால் வேறு விமானம் பாருங்கள். வாராவாரம் பறந்து 1400 மணி நேரம் ஓடிய இன்ஜின், விலையும் அதற்கேற்ப இருந்தால், என் கண்ணுக்கு இதைவிட அழகு.

விற்பவரின் மெக்கானிக்கையே சோதிக்க வைப்பது

வேண்டாம்.

நாலு சீட் என்றால் நாலு பேர்

172இல் டாங்கை நிரப்பிவிட்டால் பெரியவர்கள் நாலு பேருக்கு எடைக் கணக்கு பெரும்பாலும் இடிக்கும், பெட்டியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். இதில் கோடையும் சேர்ந்தால் இன்னும் மோசம். நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே ரன்வே கடல் மட்டத்துக்கு 6,300 அடிக்கு மேல். முப்பது டிகிரி வெயிலில் அங்கே விமானத்துக்குக் கிடைப்பது 9,000 அடிக்கு மேலான உயரத்தின் மெலிந்த காற்று. ஹூஸ்டனில் சட்டென்று எழும்பிய அதே விமானம் அங்கே ரன்வே முடியும்வரை யோசிக்கும். கிளம்பும் முன் கையேட்டு அட்டவணையில் விரல் வைத்துப் பாருங்கள்.

பயத்தில் வேகம் கூட்டி இறங்குவது

பாதுகாப்புக்கு என்று பத்து நாட் வேகத்தைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். விமானம் மிதந்துகொண்டே போகும். பொறுமை போய் மூக்கை அமுக்கினால் முன்சக்கரம் முதலில் பட்டுத் துள்ளும். மறுபடி அமுக்கினால் அடுத்த துள்ளல் இன்னும் பெரிது, அப்புறம் ப்ரொப்பெல்லர் தரையைத் தொடும். ப்ரொப்பெல்லர் இடித்தால் இன்ஜினையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் துள்ளலிலேயே முழு த்ராட்டில் கொடுத்து மறு சுற்றுக்குப் போய்விடுங்கள்.

பெட்ரோல் முள்ளை நம்புவது

இறக்கையில் ஏறி, அங்கே இருக்கும் டாங்குக்குள் அளவுக்குச்சியை விட்டுப் பாருங்கள்.

கடன் பாக்கியை விசாரிக்காமல் பணம் கொடுப்பது

விமானத்தின் மேல் உள்ள கடன்கள் ஓக்லஹோமா சிட்டியில், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் பதிவகத்தில் பதிவாகியிருக்கும். அதைத் தேடிக் கொடுப்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் கேட்கும் கட்டணம் ஒரு டாங்க் பெட்ரோல் காசுகூட ஆகாது.

வாங்கிய பிறகு ஹேங்கர் தேடுவது

பல ஏர்போர்ட்டுகளில் ஹேங்கருக்கு (விமானத்தை நிறுத்தும் கொட்டகை) காத்திருப்போர் பட்டியல் உண்டு. விமானம் தேட ஆரம்பிக்கும் அன்றே பெயரைக் கொடுத்துவிடுங்கள். முறை வரும்போது விமானம் அமையாவிட்டால் அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்துப் பட்டியலில் நீடிக்க முடியுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.