கரைக்கும் களிக்கும் ஈடுகொடுக்குமா? புது வடிவ ஜீப்பை டெல்டாவில் சோதிக்கும் முறை

மஹிந்திரா தார் 2020 ஆகஸ்ட் 15 அன்று புது வடிவில் காட்டப்பட்டபோதும், 2023 ஜூனில் மாருதி ஜிம்னி ஐந்து கதவுகளோடு விற்பனைக்கு வந்தபோதும், 2024 ஆகஸ்டில் தார் ராக்ஸ் வந்தபோதும், நான்கு சக்கர இயக்க வண்டிப் பிரியர்களிடையே எழுந்த சண்டை ஏறக்குறைய ஒன்றுதான். முகப்புக் கம்பி கெட்டுவிட்டது, கதவு கூடிவிட்டது, பெரிய திரை வந்துவிட்டது, இனி இதை ஜீப் என்று சொல்ல முடியாது என்று ஒரு தரப்பு வருந்தும். குடும்பத்தோடு உட்கார இப்போதுதான் இடம் கிடைத்தது என்று மறுதரப்பு மகிழும். தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் வண்டி ஓட்டுகிறவருக்கு இந்தச் சண்டையில் பாதிக்கு மேல் பயன் இல்லை. ஏறுவதற்கு இங்கே மலையும் இல்லை, தாண்டுவதற்குப் பாறையும் இல்லை. நமக்கு இருப்பவை ஆற்றங்கரை, களிமண், கொள்ளிடத்து மணல், தரைப்பாலத்துத் தண்ணீர், கடலோர உப்புக் காற்று ஆகியவையே. ஆகவே புது வடிவம் நல்லதா கெட்டதா என்ற கேள்வியை இந்த ஐந்திடமும் கேட்டுத்தான் பதில் பெற வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு நம் மண்ணில் செல்லாது.

விற்பனைக் கூடத்துக்குப் போகும்போது ஓர் அளவு நாடா, ஒரு டார்ச் விளக்கு, கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய சாக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். விற்பனையாளர் வண்டியின் முன்பக்கத்தைக் காட்டத் தொடங்குவார். நீங்கள் அடிப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பத்து இருபது லட்சம் கொடுக்கப் போகிறவர் நீங்கள்.

முதலில் இரண்டு அச்சுகளுக்கும் இடையிலுள்ள நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புது வடிவங்களில் பெரும்பாலும் மாறுவது இதுதான். டெல்டாவில் அதிகத் தொல்லை தருவதும் இதுதான். மூன்று கதவுத் தாருக்கு இது 2,450 மி.மீ.; ராக்ஸுக்கு 2,850. ஜிம்னியின் மூன்று கதவு வடிவத்தில் 2,250 ஆக இருந்தது ஐந்து கதவில் 2,590 ஆயிற்று. கூடுதல் நீளம் நெடுஞ்சாலையில் சொகுசு. வாய்க்கால் கரையைக் குறுக்கே தாண்டும்போது அதுவே வயிற்றைத் தரையில் தட்ட வைக்கும். சமவெளியில் வயிறு எங்கே தட்டப் போகிறது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். மலை இல்லாத இந்த நாட்டில் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் இரண்டு கரை உண்டு என்பதும், ஒவ்வொரு கரையும் ஒரு சின்ன மலைமுகடு என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

கணக்கு எளிது. ஓர் அடி உயரத்துக்கு இரண்டடி ஓட்டம் என்ற சரிவில் இருபுறமும் இறங்கும் ஒரு கரையின் மேல்தளம் 2 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி அதன் குறுக்கே சரிபாதியில் நிற்கும்போது, முன் பின் சக்கரங்களை இணைக்கும் கோட்டுக்கு மேலே கரை எவ்வளவு துருத்தி நிற்கும் என்பதுதான் கேள்வி. அச்சு நீளத்தில் மேல்தள அகலத்தைக் கழித்து, மீதியை நான்கால் வகுத்தால் விடை கிடைக்கும். 2,450 மி.மீ. வண்டிக்கு அது சுமார் 11 செ.மீ.; 2,850 மி.மீ. வண்டிக்கு 21 செ.மீ. மேல்தளம் ஒன்றரை மீட்டராகக் குறைந்தால் முறையே 24, 34 செ.மீ. ஆகிவிடும். இப்போது சாக்கை விரித்துப் படுத்து, இரு அச்சுகளுக்கும் நடுவே வயிற்றின் மிகத் தாழ்ந்த இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, உங்கள் ஊர்க் கரையோடு ஒப்பிடுங்கள். விளம்பர ஏட்டில் போட்டிருக்கும் தரை இடைவெளி பெரும்பாலும் பின் அச்சின் உருண்டைக்குக் கீழே எடுத்த அளவு. நடுவயிற்றின் அளவு அதில் இருக்காது. முகடு தாண்டும் கோணம் என்று ஏட்டில் தனியாக ஒன்று இருந்தால் அதையும் பாருங்கள்: ராக்ஸுக்கு 23.9 பாகை, ஐந்து கதவு ஜிம்னிக்கு 24 பாகை. தார், ராக்ஸ் வண்டிகளின் முன்னேறும் கோணம், அதாவது முன்பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு, 40 பாகையைத் தாண்டுகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். நம் கரைகளில் அதைப் பயன்படுத்தும் வாய்ப்பு அரிது.

இதை நான் ஏட்டில் படித்துக் கற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மைத்துனரின் நீளமான வண்டியை ஒரு கிளை வாய்க்கால் கரையில் குறுக்கே ஏற்றினேன். வண்டி வயிற்றில் உட்கார்ந்துகொண்டு, சக்கரங்கள் மண்ணைத் தொட்டும் தொடாமலும் சுழல, தராசுத் தட்டுப்போல ஆடி நின்றது. நான்கு சக்கரத்திலும் இயக்கம் இருந்து என்ன பயன், எடை முழுவதும் வயிற்றில் இருக்கும்போது? இழுக்க வந்த டிராக்டர்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஆமையைத் தூக்கிக் கல்லு மேல வச்ச மாதிரி வச்சிருக்கீங்களே தம்பி” என்றார். நீளமான வண்டியை வாங்கத்தான் வேண்டுமென்றால், கரையை நேர்குறுக்கே தாண்டாமல் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக முகட்டில் ஏறும்படி ஓட்டப் பழகிக்கொள்ள வேண்டும். அதற்கும் மேல்தளம் அகலமாக இருக்க வேண்டும். சாய்வில் வண்டி பக்கவாட்டில் சரியும் ஆபத்தும் உண்டு என்பதால் ஈரக் கரையில் இதை முயலக் கூடாது.

அடுத்தது அகலம். ராக்ஸ் 1,870 மி.மீ., மூன்று கதவுத் தார் 1,820, ஜிம்னி 1,645. நெல் ஏற்றிய டிராக்டர் எதிரே வரும்போது இந்த இருபது சென்டிமீட்டரின் மதிப்பு தெரியும். கரைப் பாதைகளில் வண்டியைத் திருப்ப இடமிருக்காது; அடுத்த மதகு வரை அல்லது களம் வரை பின்னோக்கியே வர வேண்டும். எனவே சோதனை ஓட்டத்தில் குறைந்தது 200 மீட்டர் தொடர்ச்சியாகப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். பின் கண்ணாடியை மறைக்கும் மாற்றுச் சக்கரம், தடித்த பின் தூண், சேறு பட்டதும் குருடாகும் பின்புறக் கேமரா ஆகியவை அப்போதுதான் தம் குணத்தைக் காட்டும். புது வடிவங்களில் தூண்கள் தடிப்பது மோதல் பாதுகாப்புக்காகத்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கழுத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

களிமண் சோதனைக்குப் பெரும்பாலான விற்பனையாளர்கள் வண்டியைத் தரமாட்டார்கள். அதில் தவறும் இல்லை. ஏற்கெனவே வாங்கியவர் ஒருவரை உங்கள் வட்டாரத்தில் தேடுங்கள். டீசலும் கழுவும் கூலியும் என்னுடையது என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். இடம் உங்கள் சொந்தத் தரிசாகவோ தென்னந்தோப்பாகவோ இருக்கட்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை திறந்திருக்கும் காலத்தில் ஆற்றுக் கரைகள் ஈரம் குடித்து நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் அவை மேலும் இளகும். அந்த நேரத்தில் கரையில் சக்கரத் தடம் பதித்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்று உடைப்புக்கு வழி செய்யும். ஒரு வண்டிப் பிரியரின் ஒரு நாள் விளையாட்டுக்கு ஒரு கிராமத்தின் சம்பா விலையாகிவிடக் கூடாது. அறுவடைக்குப் பின் வயல் காலியாகத் தெரிந்தாலும் உள்ளே உளுந்து முளைத்துக்கொண்டிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் களியின் குணம் பாறைப் பிரதேசத்துச் சேற்றைப் போன்றது அன்று. அது டயரின் இடைவெளிகளை நிரப்பி, இரண்டு சுற்றில் சக்கரத்தை வழவழப்பான உருளையாக்கிவிடும். சக்கரம் ஒருமுறை வீணாகச் சுழன்றால் அந்த இடத்தில் குழி விழும். குழி விழுந்தபின் வேகம் கொடுத்தால் குழி ஆழமாகும். ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல்; அதைப் பூட்டினால் இரண்டும் ஒன்றாகச் சுழலும். இந்த ஒரு காரணத்தால் டிஃபரன்ஷியல் பூட்டு எந்த வகை என்பது இங்கே மிக முக்கியமாகிறது. பிரேக் மூலம் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு முறை, சக்கரம் சுழலத் தொடங்கிய பிறகே விழித்துக்கொள்ளும். ஜிம்னி நம்பியிருப்பது அதைத்தான், ஆனால் சுமார் 1,200 கிலோ என்ற குறைந்த எடை அதற்குப் பெரும் துணை. மூன்று கதவுத் தாரின் சில வகைகளில் வரும் இயந்திரப் பூட்டும் இரு சக்கரங்களின் வேகம் மாறுபட்ட பிறகே பிடிக்கும். ராக்ஸின் நான்கு சக்கர இயக்க வகையில் பின் அச்சுக்கு மின்பொத்தான் பூட்டு உண்டு. ஃபோர்ஸ் கூர்காவில் முன் பின் இரண்டுக்கும் பூட்டு உண்டு. இவற்றைச் சேற்றில் இறங்கும் முன்பே பூட்டிக்கொள்ளலாம். பழைய வடிவத்தைவிடப் புதியது மேலா என்று என்னைக் கேட்டால், முகப்பைப் பார்க்காமல் இந்த ஓர் இடத்தைப் பார்த்தே பதில் சொல்வேன்.

சோதிக்கும் முறை இது. கணுக்கால் ஆழமுள்ள களியில், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தாழ் விகிதத்தில் இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரை மிதமாக ஒரே நிலையில் பிடித்து 20 மீட்டர் செல்லுங்கள். பிறகு நடுவில் நிறுத்தி மீண்டும் கிளப்புங்கள். நிறுத்திக் கிளப்புவதுதான் உண்மையான தேர்வு. வண்டி நகராமல் சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுழன்றால் உடனே காலை எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே பின்னோக்கி வாருங்கள். சாலையோட்டத்துக்கான டயரோடு இதைச் செய்துவிட்டு வண்டியைக் குறை சொல்வது நியாயமாகாது. டயர் எது என்று முதலில் பாருங்கள்.

நான்கு சக்கர இயக்கத்தைப் போடும் நெம்புகோல் போய்த் திருகு பொத்தான் வந்ததைப் பற்றிப் பழைய ஆட்கள் கொதிக்கிறார்கள். கூர்காவில் 2024 வடிவம் அப்படித்தான் மாறியது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. பொத்தான் ஒவ்வொரு முறையும் சொன்னபடி கேட்கிறதா என்று தாழ் விகிதத்துக்குப் பத்து முறை போட்டு எடுத்துப் பாருங்கள். அந்த மோட்டாரும் ஒயரும் அடியில் எங்கே செல்கின்றன, சேறு படும் இடத்திலா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த வண்டிகள் அனைத்தும் பகுதி நேர நான்கு சக்கர இயக்கம் கொண்டவை. முன் பின் அச்சுகளுக்கு இடையே நடு டிஃபரன்ஷியல் இல்லாததால் காய்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கரத்தைப் போட்டுத் திரும்பினால் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். புதிதாக வாங்கியவர்கள் இதைச் செய்து பார்த்துவிட்டு ஸ்டீயரிங் இறுகுகிறது என்று புகார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

மணலுக்குக் கொள்ளிடம். அனுமதி உள்ள இடத்தில், கோடையில், நடந்து பார்த்தபின் மட்டும். மணல் அள்ளிய குழிகள் எங்கே என்று தெரியாமல் படுகையில் வண்டி இறக்கக் கூடாது. டயர் காற்றை 30 பவுண்டிலிருந்து 18 வரை குறைத்து, சறுக்கல் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். சில வண்டிகளில் அது முழுவதும் அணையாமல் நடுவில் விழித்து எஞ்சின் விசையைக் குறைக்கும். மணலில் அது வண்டியைப் புதைத்துவிடும். திரும்பத் தார்ச் சாலை ஏறும் முன் காற்றை நிரப்பிவிட வேண்டும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கோடியக்கரைச் சரணாலயமும் சோதனைக் களங்கள் அல்ல.

தண்ணீரைப் பொறுத்தவரை ஏட்டில் இருக்கும் எண் நிற்கும் நீருக்கானது. தார், ராக்ஸ் இரண்டுக்கும் 650 மி.மீ.; அதாவது நடுத்தர உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய நடுத்தொடை வரை. ஒரு மூங்கில் கழியில் அந்த உயரத்துக்குக் கோடு போட்டு வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடினால் கழியும் வேண்டாம், எண்ணும் வேண்டாம், காத்திருங்கள். எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது, அச்சுகளின் மூச்சுக்குழாய் எங்கே முடிகிறது என்பதை விற்பனைக் கூடத்திலேயே கேட்டுக் காட்டச் சொல்லுங்கள். லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் பழைய வடிவம் 2016 ஜனவரியில் நின்று, 2019 செப்டம்பரில் தனிச் சேஸிஸ் இல்லாத புது வடிவம் வந்தபோது உலகெங்கும் அதன் பிரியர்கள் துக்கம் கொண்டாடினார்கள். ஆனால் நீரில் இறங்கும் ஆழம் 900 மி.மீ. ஆயிற்று. சேஸிஸ் போனதற்கு அழுதவர்கள் இந்த எண்ணையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

டீசல் வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வீட்டிலிருந்து வயலுக்கு மூன்று கிலோமீட்டர், வயலிலிருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் என்றே ஓடும் பி.எஸ். 6 (புகை மாசு விதி) வண்டியில் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்ட வாய்ப்பு இல்லாதவர்கள் பெட்ரோல் வகையைப் பரிசீலிக்கலாம். ஆனால் ராக்ஸில் நான்கு சக்கர இயக்கம் டீசலோடு மட்டுமே வருகிறது.

இழுவைக் கொக்கிகளை மறக்காதீர்கள். டெல்டாவில் சிக்கினால் வருவது டிராக்டர்தான், அவர் கையில் இருப்பது சங்கிலிதான். சேஸிஸோடு இணைந்த கொக்கி முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியும்படி இல்லையென்றால் சங்கிலி பம்பரிலோ அச்சிலோ மாட்டப்படும். பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சோதனை முடிந்த மறுநாள் வண்டியை மீண்டும் பாருங்கள். தண்ணீரில் இறங்கியிருந்தால் அச்சு எண்ணெயைச் சிறிது எடுத்துப் பார்க்க வேண்டும். மோர் நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் ஓடிய வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி, கதவுகளின் கீழ்விளிம்பிலுள்ள வடிகால் துளைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள். புறவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் ஆடினால் புது வடிவத்தில் கோளாறு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சக்கரத்தின் உள்விளிம்பில் களி ஒரு பக்கமாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். தட்டி எடுத்தால் ஆட்டம் நின்றுவிடும்.